சித்திரை வெயிலில் தோற்ற 4.3 கிகாஹெர்ட்ஸ்: காரைக்குடியில் ஓர் ஓவர்கிளாக் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் திருமணப் படப்பிடிப்பும் ஆல்பம் வடிவமைப்பும் செய்துவரும் ஓர் இளைஞரின் கணினி, மார்கழியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டு, பங்குனி பிறந்ததும் அடிக்கடி நின்றுபோகவும் படக்கோப்புகளைச் சிதைக்கவும் தொடங்கியது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று எண்ணிப் புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்தினார், சிதைவு நிற்கவில்லை. மின்சாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று யுபிஎஸ்ஸை மாற்றினார். அதற்கும் பலன் இல்லை. அதன் பிறகே கணினி என் பணிமேசைக்கு வந்தது. இவ்வூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிற நான், காரணத்தைத் தேடிச் சென்ற வழியையும், பிராசஸரையும் ராமையும் மீண்டும் முறையாக அமைத்த விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். பிராசஸரையோ ராமையோ தயாரிப்பாளர் வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, வெற்றிக் கதைகளைவிட இப்படி ஒரு தோல்வியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன். செட்டிநாடு போன்ற வெயில் நிலத்தில், ஓர் அமைப்பு நிலையாக ஓடுமா என்பதை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த அறையில் வைத்துச் சோதித்தோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

கணினியும் அது இருந்த அறையும்

கணினியில் இருந்தது ஏஎம்டி ரைசன் 5 3600. 2019 ஜூலையில் வெளிவந்த இந்தப் பிராசஸருக்கு ஆறு கோர் (கணக்கிடும் பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், தானாக ஏறக்கூடிய உச்சம் 4.2 கிகாஹெர்ட்ஸ். அதனுடன் பி450 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4-3200 ராம், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு ஓர் எஸ்எஸ்டி, படங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவை இருந்தன. பிராசஸருடன் பெட்டியில் வந்த சிறிய கூலரை எடுத்துவிட்டு, ஒற்றை விசிறி கொண்ட கோபுர வடிவக் கூலரை அவரே பொருத்தியிருந்தார்; தெர்மல் பேஸ்ட் சீராகப் பரவியிருந்தது, திருகுகள் இறுகியிருந்தன. கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓவர்கிளாக் செய்வதற்கு இடம்கொடுக்கும் பொருள்கள்தான் இவை. அந்தத் தலைமுறை ரைசன்களில் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண் பூட்டப்படாமல் இருக்கிறது. ஆனால் மதர்போர்டின் சிப்செட் பி அல்லது எக்ஸ் வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், ஏ320 போன்றவற்றில் பிராசஸர் வேகத்தைக் கூட்ட வழியில்லை. இன்டெல் என்றால், பெயரின் இறுதியில் கே என்ற எழுத்துள்ள பிராசஸரும் இசட் வரிசைச் சிப்செட்டும் சேர்ந்திருக்க வேண்டும். வாங்கும்போதே இதைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) தேடுகிறவர்கள் பலர்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழியில் இந்தக் கணினி பள்ளத்தூரில் உள்ள அவருடைய குடும்ப வீட்டில், வளவை ஒட்டிய கூடத்தில் இருந்தது. கனத்த சுவர்களும், உயர்ந்த கூரையும், காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், சூடான காற்று மேலேறி வெளியேறத் திறந்த முற்றமும் கொண்ட வீடு அது. அங்கேதான், இரவு நேரத்தில், அறை வெப்பம் 23 பாகை செல்சியஸ் அளவில் இருந்தபோது, அவர் ஓவர்கிளாக் அமைப்பைச் செய்து முடித்திருக்கிறார். தை பிறந்ததும் காரைக்குடி செக்காலைப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தொழிலை அங்கே மாற்றினார். நேரடி வெயில் விழும் கான்கிரீட் தளம் தலைக்குமேல், சன்னல் ஒன்றுதான். தூசி படியக்கூடாது என்று கணினியை மேசையின் அடியறைக்குள் வைத்துக் கதவையும் மூடியிருந்தார். பங்குனி, சித்திரைப் பிற்பகலில் அந்த அறையில் 38 பாகையும், மூடிய அடியறைக்குள் 46 பாகையும் இருந்ததை நான் அளந்தேன். கூலர் எவ்வளவு நல்லதானாலும், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைத்திருக்க அதனால் முடியாது. சுற்றுக்காற்று 23 பாகை ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும்.

அவர் செய்திருந்த அமைப்பு

அறிமுகம் இல்லாதவர்களுக்காக ஓரிரு வரிகள். பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல்: அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண் 42 என்றால் 4200 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதற்குள் நிலை மாறி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கணக்கு தவறாகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் அவை விரைவாக மாறும்; அதற்கு விலையாக வெப்பம் கூடுகிறது. எரியும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு விகிதத்திலும் ஏறுகிறது. ஓவர்கிளாக்கிங் முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையிலான கணக்குத்தான்.

இளைஞர் பெருக்கியை 43 ஆக்கி, ஆறு கோர்களையும் 4.3 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி, மின்னழுத்தத்தை 1.4 வோல்ட் என்று நிலையாக வைத்திருந்தார். ஏன் 1.4 என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் கவனத்துக்குரியது. ஓவர்கிளாக் செய்வதற்கு முன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது, தன்னியல்பாகவே பிராசஸர் 1.45 வோல்ட் வரை போவதைக் கண்டிருக்கிறார். கம்பெனியே அவ்வளவு கொடுக்கும்போது 1.4 பாதுகாப்பானதுதான் என்று முடிவு செய்திருக்கிறார். பார்த்த எண் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிசகு. ஓரிரு கோர்கள் மட்டும் சிறிது நேரம் வேலை செய்யும்போது மின்னோட்டம் குறைவு. அப்போது பிராசஸர் தன் உள்ளுணரிகளைப் பார்த்துக்கொண்டே உயர்ந்த மின்னழுத்தத்துக்குப் போய் உடனே இறங்கிவிடுகிறது. ஆறு கோர்களும் முழுச்சுமையில் மணிக்கணக்கில் ஓடும்போது அதுவே தன் மின்னழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. நாம் 1.4 என்று பூட்டிவிட்டால் அந்தத் தற்காப்பு இல்லாமல் போகிறது. அதிக மின்னழுத்தமும் அதிக மின்னோட்டமும் அதிக வெப்பமும் ஒன்றுசேர்ந்தால், சில்லுக்குள் இருக்கும் நுண் கம்பிகளின் உலோக அணுக்களே மெல்ல இடம்பெயர்ந்து, பிராசஸர் நாளடைவில் பலவீனமாகும். இந்தத் தலைமுறை ரைசனில் முழுச்சுமைக்கு 1.325 வோல்ட்டை மேல் எல்லையாகக் கொள்வது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

ராமில் செய்திருந்தது இதைவிடச் சிக்கலானது. 3200 என்று விற்கப்பட்ட ராமை 3600-க்கு ஏற்றி, மின்னழுத்தத்தை 1.35-லிருந்து 1.4 வோல்ட் ஆக்கி, வேறு யாரோ தம் கணினிக்காகத் தயாரித்த டைமிங் (ராமின் ஒவ்வொரு செயலுக்கும் கொடுக்கும் நேரம்) பட்டியல் ஒன்றை அப்படியே பயாஸில் எழுதியிருந்தார். சோதனை என்று செய்தது பிராசஸரின் வேகத்தை அளக்கும் சினிபென்ச் ஆர்23 மட்டும். அது பத்து நிமிடம் ஓடி முடிந்தது, மதிப்பெண்ணும் கூடியிருந்தது. அதோடு வேலையைத் தொடங்கிவிட்டார்.

சிதைந்த படங்கள்

சிதைவு எப்படி இருந்தது என்பதை அருகில் பார்ப்பது அவசியம், ஏனெனில் வழியைக் காட்டியது அதுவே. திருப்பூட்டும் நேரத்தில் எடுத்த ஒரு படம்: மணமகளின் நெற்றி வரையில் படம் தெளிவாக இருந்தது, புருவத்துக்குக் கீழே ஒரு கிடைக்கோட்டிலிருந்து, எல்லாம் வலப்பக்கம் நகர்ந்து, பச்சையும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. கழுத்திரு (செட்டிநாட்டுத் தாலி) பாதி ஓரிடத்திலும் பாதி வேறிடத்திலுமாகத் தெரிந்தது. ஜேபெக் கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இப்படி ஆகும். அந்த முறையில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியை நம்பியே விரிக்கப்படுவதால், பிழை நேர்ந்த இடத்திலிருந்து அடுத்துள்ள எல்லாம் தடம் புரள்கிறது.

“அண்ணே, டிஸ்க்கு புதுசு, யுபிஎஸ் புதுசு, இன்னும் என்னத்தண்ணே மாத்துறது?” என்று அவர் கேட்டபோது, நான் பதிலுக்குக் கேட்டது, “பயாஸுக்குள்ள என்னென்ன மாத்துனீங்க தம்பி?” என்பதைத்தான். டிஸ்க்கின் மீது எனக்கு ஐயம் எழாததற்குக் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு பகுதியையும் பிழைதிருத்தக் குறியீட்டோடு சேர்த்தே எழுதுகிறது. படிக்க முடியாத பகுதி வந்தால் அது பெரும்பாலும் பிழைச் செய்தி தருமே தவிர, ஓசையில்லாமல் ஒரு பிட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பது அரிது. ஆனால் வீட்டுக் கணினியில் நாம் போடும் சாதாரண ராமில் அத்தகைய காவல் இல்லை. கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு படமும் ராமின் வழியாகவே போகிறது. போகும் வழியில் ஒரு பிட் புரண்டால், புரண்ட பிட்டையே டிஸ்க் உண்மையென்று எண்ணிப் பத்திரமாக எழுதிவைத்துவிடும். நகல் வெற்றி என்றே விண்டோஸும் சொல்லும்.

இதை உறுதி செய்ய, 12 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோ கோப்பை எடுத்துக்கொண்டேன். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் எண்ணைக் கணக்கிடலாம். கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் கணக்கில் கொண்டு உருவாகும் 64 இலக்க எண் அது, ஒரு பிட் மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். காலையில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டபோது ஒரே எண் வந்தது. அவருடைய அறையில் மேசைக் கதவை மூடி, ஏசியை அணைத்து, பிற்பகலில் அதே கோப்பைக் கணக்கிட்டபோது வேறு எண் வந்தது. மறுமுறை இன்னொரு எண். அதே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பார்த்தால், காலையில் வந்த எண்ணே மாறாமல் வந்தது. டிஸ்க் நிரபராதி என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்து, பிராசஸரை மட்டும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு, ராமை அவர் வைத்தபடியே விட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியிலிருந்து ஓடவிட்டேன். குளிர்ந்த காலையில் பிழை இல்லை. பிற்பகலில், ராமின்மேல் வைத்த வெப்பமானி 50 பாகையைத் தாண்டியதும் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற ஒழுங்கு இல்லையென்றால், பிராசஸரா ராமா என்ற கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது.

பட்டியலில் இருந்த டிஆர்எஃப்சி என்ற ஒரு எண்தான் குற்றவாளி. ராமின் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் சேமித்த மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். எனவே எல்லா வரிசைகளையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அதற்காக 8192 கட்டளைகள், சராசரியாக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒன்று வீதம் போகின்றன. ஒவ்வொரு கட்டளையும் வேலையை முடிக்கக் கொடுக்கும் நேரமே டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் சில்லுகளுக்கு வரையறுக்கப்பட்ட நேரம் 350 நானோ நொடி. 3600 வேகத்தில், அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், அது 630 துடிப்பு. பட்டியலில் இருந்ததோ 480. அதாவது சுமார் 267 நானோ நொடி. சாம்சங் பி-டை போன்ற சில்லுகள் அதைவிடக் குறைந்த நேரத்தையும் தாங்கும். இவருடைய ராமில் இருந்தது வேறு வகைச் சில்லு. வெப்பம் ஏற ஏற மின்தேக்கிகளின் கசிவு விரைவாகும் என்பதால், பள்ளத்தூர்க் கூடத்தில் மயிரிழையில் போதுமாக இருந்த நேரம், செக்காலை மாடியில் போதாமல் போயிற்று. டைமிங் பட்டியல்களை ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ராமின் பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம்.

கேமராவில் இரண்டு கார்டு இடங்கள் இருந்ததும், இரண்டாவது கார்டுகளில் பலவற்றை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததும் பெரிய நன்மையாக முடிந்தன. பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. கிடைக்காமல் போனவையும் உண்டு. ஒரு குடும்பத்தின் திருமண நாளை மீண்டும் நடத்திப் படமெடுக்க முடியாது என்பதால், அந்த இழப்பை நான் சிறியதாக எழுத விரும்பவில்லை.

பிராசஸரின் பங்கு

ராமைத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்து, பிராசஸரை 4.3 கிகாஹெர்ட்ஸில் விட்டுப் பார்த்தபோது, அதன் கணக்கும் தனியாக வெளிப்பட்டது. பிற்பகலில் பிரைம்95 மென்பொருளின் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை ஓட்டியதும் வெப்பம் 95 பாகையைத் தொட்டது. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி வகுத்த உச்ச எல்லை அது. சற்று நேரத்தில் ஒரு திரெட் நின்று, ‘ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் குறைவு’ என்ற பொருளில் பிழைச் செய்தியைக் காட்டியது. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கைச் செய்யவைத்து, பிராசஸர் தந்த விடை தவறு என்று அந்த மென்பொருள் கண்டுபிடித்ததன் அறிகுறி இது. நீலத் திரை வந்து கணினி நின்றால்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். ஓசையில்லாமல் தப்பான விடை தருவது அதைவிட மோசமான கோளாறு.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பழைய பதிவுகளைத் தேடியபோது, வீயா-லாகர் என்ற தலைப்பில் 18 என்ற எண்ணோடு வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தன. முதல் பதிவு மாசியிலேயே இருந்தது. புதிதாகக் கற்பவர்கள் கணினியைத் திறந்து பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பதிவேடு. ஓவர்கிளாக் செய்த கணினியில், அதில் வீயா என்ற சொல் இருந்தால், அந்த அமைப்பின் மீதுதான் முதல் ஐயம் எழ வேண்டும்.

மின்சார ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவர்ப் பெட்டியில் நான் அளந்தவரை 210-க்கும் 235-க்கும் இடையில் இருந்தது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின் வழங்கி) அவரிடம் இருந்ததால், அது இந்தக் கதையில் இடம்பெறவே இல்லை.

மறு அமைப்பு

படங்கள் அனைத்தையும் வேறு கணினியில் வைத்து நகல் எடுத்த பிறகே வேலையைத் தொடங்கினேன். பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸை அழித்து எல்லா அமைப்புகளையும் துடைத்துவிட்டு, யுபிஎஸ் இணைப்பில் பயாஸைப் புதுப்பித்தேன். மேசை அடியறையின் கதவைக் கழற்றி, பின்புறப் பலகையில் காற்றுப் போக வழி செய்யச் சொன்னேன். அதை மட்டும் செய்ததிலேயே பிராசஸரின் முழுச்சுமை வெப்பம் 8 பாகை இறங்கியது. பணச் செலவில்லாத இந்த 8 பாகையை எந்த விலையுயர்ந்த தெர்மல் பேஸ்ட்டும் தந்திருக்காது.

எதையும் மாற்றுவதற்கு முன், தொழிற்சாலை அமைப்பிலேயே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் அன்றாடம் செய்யும் வேலையையே அளவுகோலாக வைத்தேன்: ஒரு திருமண வீடியோவைப் பிராசஸரைக் கொண்டு ஹெச்.264 வடிவில் ஏற்றுமதி செய்வது. அதற்கு 38 நிமிடம் ஆயிற்று. அப்போது ராம் 2666-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 3200 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பியை (ராம் தயாரிப்பாளர் ராமிலேயே பதித்துவைத்த வேக அமைப்பு) இயக்காதவரை ராம் தன் பொதுத்தர வேகத்திலேயே ஓடும். என்னிடம் வரும் கணினிகளில் பலவற்றில் இந்த ஒரு அமைப்பு இயக்கப்படாமலே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஓவர்கிளாக்கிங்கை ராமிலிருந்து தொடங்குங்கள், அதையும் எக்ஸ்எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி வருகிறது. 2666 வேகத்தில் இரண்டு சானல்களும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 42.7 ஜிபி கொண்டுசெல்லலாம்; 3200-இல் 51.2 ஜிபி. காத்திருப்பு நேரம் இன்னும் முக்கியம். 2666-இல் சிஎல் (கேட்ட தரவு வரும்வரை காத்திருக்கும் துடிப்புகள்) 19 என்றால், 1333 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 19 துடிப்பு, அதாவது 14.25 நானோ நொடி. 3200-இல் சிஎல் 16 என்றால் சரியாக 10 நானோ நொடி. அவர் உயிரைக் கொடுத்து ஏற்றிய 3600-இல் சிஎல் 18. அதுவும் சரியாக 10 நானோ நொடிதான். நொடிக்குக் கொண்டுசெல்லும் தரவின் அளவு எட்டில் ஒரு பங்கு கூடியது உண்மை, ரைசனின் உள்ளிணைப்புக் கடிகாரமும் 1600-லிருந்து 1800-க்கு ஏறியது உண்மை. ஆனால் ராமின் முதல் காத்திருப்பு ஒரு நொடித்துளியும் குறையவில்லை. பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்த எளிய வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

ராம் இரண்டும் பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்எம்பியை இயக்கி, 1.35 வோல்ட்டில் விட்டேன். டிஆர்எஃப்சி முதலான மற்ற டைமிங்குகள் எதையும் தொடவில்லை. விண்டோஸைத் திறக்கவிடாமல் நேரே யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86-இன் நான்கு சுற்றுகளையும், கதவில்லாத மேசையில், ஏசி இல்லாத பிற்பகலில் ஓட்டி முடித்தேன். இந்த வரிசை முக்கியமானது: நிலையற்ற ராமோடு விண்டோஸைத் திறந்தால் அதன் ரெஜிஸ்ட்ரியும் சிஸ்டம் கோப்புகளும்கூடச் சிதையலாம். பிழை ஒன்றும் வரவில்லை. ஏற்றுமதி நேரம் 36 நிமிடமாகக் குறைந்தது. வீடியோ ஏற்றுமதி ராமை அவ்வளவாக நம்பியிருக்கும் வேலை அல்ல என்பதால் நான் எதிர்பார்த்த அளவே அது. ஆல்பம் பக்கங்களைப் புரட்டும்போது தெரியும் சுறுசுறுப்பு இதைவிட அதிகம் என்று அவர் சொன்னார்.

பிறகு பிராசஸர். தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிடலாம் என்பதுதான் என் முதல் கருத்து, காரணத்தையும் சொல்கிறேன். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸரின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-இல் ஓடியது; வேகம் ஒன்றரை மடங்கு. அந்தக் காலத்துப் பெருமை இன்னும் பேச்சில் வாழ்கிறது. இன்றைய பிராசஸர்கள் தம் திறனின் விளிம்புவரை தாமே ஏறிவிடுகின்றன. நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சமே. மேலும், எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால் தானாக ஏறி இறங்கும் பூஸ்ட் முறை நின்றுவிடும், 4.2-க்குக் கீழே பூட்டினால், ஒற்றைக் கோர் வேலைகள் முன்பைவிடச் சற்று மெதுவாகும். அவருடைய வேலையில் பெரும்பகுதி நீண்ட ஏற்றுமதி என்பதால் மட்டும், அளவான ஒரு பூட்டு வேகத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

மின்னழுத்தத்தை 1.25 வோல்ட் என்று முதலில் நிலைநிறுத்திவிட்டு, அது தாங்கும் வேகத்தைத் தேடினேன். வேகத்தைத் தீர்மானித்துவிட்டு அதற்காக மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் பலரும் செய்வது. வெப்பப் பகுதியில் இருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெருக்கியை 40-லிருந்து கால் கால் அலகாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் பிரைம்95-ஐ ஓட்டினேன். பயாஸில் 1.25 என்று வைத்தாலும், முழுச்சுமையில் மதர்போர்டின் மின் வழங்கி சற்றுத் தொய்ந்து 1.22 அளவுக்கு இறங்கியது. இந்தத் தொய்வு இயல்பானது, லோட்-லைன் அமைப்பை உச்சத்துக்கு ஏற்றி அதை முற்றிலும் ஒழிக்க முயல்வது தேவையற்ற மின்னழுத்தத் தாண்டல்களைச் சில்லுக்குக் கொடுக்கும். 42.25-இல் பிற்பகல் சோதனை பிழை காட்டியது. அதற்கு ஒரு படி கீழே நிறுத்தாமல், 41.5-க்கு இறங்கினேன். அறை 38 பாகையில் இருக்கும்போது சினிபென்ச்சைத் தொடர்ந்து அரைமணி நேரம் ஓட்டியதில் 82 பாகை. பிரைம்95-இல் 89 பாகை. பிழை இல்லை.

4.15 கிகாஹெர்ட்ஸில் ஏற்றுமதி 34 நிமிடம். அவர் முன்பு வைத்திருந்த அமைப்பில், அது நின்றுபோகாமல் முடிந்த நாளில், 33 நிமிடம் என்று அவரே குறித்து வைத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுத்த விலையைக் கணக்கிடலாம். 4.15-லிருந்து 4.3-க்கு வேகம் 3.6 சதவீதம் கூடுகிறது. 1.25-லிருந்து 1.4 வோல்ட்டுக்கு ஏறும்போது இருமடி விகிதத்தில் 25 சதவீதம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் மின்திறன். அவ்வளவும் வெப்பமாக அதே மூடிய மேசைக்குள் இறங்கியது. “ஒரு நிமிசத்துக்கா அண்ணே இவ்வளவும்?” என்று அவர் எண்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வாரண்டியைப் பற்றியும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். ஓவர்கிளாக் செய்ததால் நேரும் சேதத்தை ஏஎம்டியின் உத்தரவாதம் ஏற்பதில்லை, இதற்கு 4.3 என்றும் 4.15 என்றும் வேறுபாடு கிடையாது. பெட்டிப்படி 1.35 வோல்ட்டில் ஓடும் ராமும், பிராசஸர் கம்பெனியின் கணக்கில் பொதுத்தரத்துக்கு மேற்பட்டதே. இதை அறிந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கணினியைக் கொடுத்தேன்.

அக்கினி நட்சத்திரம் முடியும்வரை, கார்டிலிருந்து நகல் எடுத்த ஒவ்வொரு தொகுப்பையும் ஹேஷ் எண்ணால் ஒப்பிட்ட பிறகே கார்டை அழிப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். அந்தக் காலம் முழுவதும் எண்கள் பொருந்தின. ஈவென்ட் வியூவரில் வீயா பதிவு ஒன்றும் வரவில்லை. சிதைவு ஒன்றும் வராத போதிலும் ஒப்பிடும் வழக்கத்தை அவர் தொடர்கிறார்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் மேலும் இரண்டு 8 ஜிபி ராம்களைச் சேர்த்து 32 ஜிபி ஆக்க அவர் விரும்புகிறார். நான்கு இடங்களும் நிறைந்தால் மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடும். ஒற்றை ரேங்க் (சில்லுகளின் ஒரே தொகுதி கொண்ட) ராம்கள் நான்கைப் போட்டால் இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி ஒப்புக்கொள்ளும் வேகம் 3200 அல்ல, 2933தான், இரட்டை ரேங்க் என்றால் 2667. எனவே எக்ஸ்எம்பியை அணைத்து, 2933-இல் தொடங்கி, மெம்டெஸ்ட்86-ஐ மறுபடியும் பிற்பகலில் ஓட்டிப் பார்த்த பிறகே 3200-ஐ முயலலாம் என்று சொல்லியிருக்கிறேன். பிராசஸரின் 41.5-ஐ அந்தச் சோதனை முடியும்வரை தொழிற்சாலை அமைப்புக்கு இறக்கி வைக்க வேண்டும் என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.